அண்ணன் அனுப்பிய செட்டு

அந்த கார் செட்டு குவைத்திலிருந்து புலிப் படம் போட்ட கம்பளிக்குள் சுற்றப்பட்டு வந்தது. லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியில் அண்ணன் கொடுத்தனுப்பியிருந்தான். கம்பளி அம்மாவுக்கு, உள்ளே இருந்தது எனக்கு. அம்மா கம்பளியை உதறி மோந்து பார்த்து, "அத்தர் வாசன அடிக்குதுடா" என்றாள். நான் செட்டைத் திருப்பி வைத்துப் பின்னால் இருந்த ஒயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்லப்போவதில் அது அதிகம் இல்லை.

அண்ணன் அங்கே ஒரு வீட்டில் டிரைவர். எங்கள் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போன ஆண்களில் நிறையப் பேருக்கு அந்த வேலைதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், திரும்பக் கூட்டிவர வேண்டும், அந்த வீட்டு அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போய் வாசலில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலாளி தன் வண்டிக்குப் புது மாடல் செட்டு மாற்றியபோது பழையதைத் தூக்கிப் போடச் சொன்னாராம். அகலத் திரை, டிவிடி போடும் வாய், வழி காட்டும் மேப், போனோடு சேரும் ப்ளூடூத் எல்லாம் உள்ள சாமான். தூக்கிப் போட அண்ணனுக்கு மனசு வரவில்லை. தம்பி இந்த வேலையில்தானே இருக்கிறான் என்று எடுத்து வைத்துவிட்டான்.

நான் திருப்பதியில் ஒரு கடையில் கார்களுக்கு செட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். மலைக்கு வரும் வண்டிகள் இருக்கும்வரை அந்த ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. புது வண்டி வாங்கினவர்கள் பெருமாளிடம் காட்டிவிட்டு நேராகக் கடைக்கு வருவார்கள். டாஷ்போர்டில் ஏற்கெனவே ஒட்டிவிட்ட சாமி படத்தை அசைக்காமல் மாட்ட வேண்டும். திரை எரிந்ததும் கம்பெனி பெயர் வரக்கூடாது, பெருமாள் முகம்தான் முதலில் வர வேண்டும் என்பார்கள். அதையும் செய்து கொடுப்போம். திருப்பதிக்கு வெளியே வேறெங்கும் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொழில் கற்றுக்கொண்டது சென்னையில். மூன்று வருஷம் இருந்தேன். தமிழ் எழுத்தும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். வடமாலபேட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் இரண்டு தரம் வேறு எங்கோ போய் இறங்கியபிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டிக்கடையில் தொங்கும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வருஷத்தில் பிடித்துவிட்டேன். அண்ணனுக்கு அந்த அவசியம் வரவில்லை. அவன் நேராக விமானம் ஏறிவிட்டான்.

எங்களிடம் கைமாறி வந்த வெள்ளை வண்டி ஒன்று இருந்தது. கடை லீவு நாட்களில் சந்திரகிரி கோட்டைக்கும் காணிப்பாக்கத்துக்கும் சவாரி ஓட்டுவேன். அதில்தான் செட்டை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொன்னது. பின்சீட்டில் இருந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னாடா சொல்றா?"

"வணக்கம் சொல்றாம்மா."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன.

அதன் மேப்பில் குவைத்தும் சுற்றியிருக்கும் நாடுகளும்தான் இருந்தன. எங்கள் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி அது வெறும் சாம்பல் நிறத்தைக் காட்டியது. ரோடு கிடையாது, ஊர் கிடையாது, நடுவில் ஒரு சிவப்பு அம்பு மட்டும். வண்டி ஓடினால் அம்பும் நகரும், ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததுக்கு. "நம்ம ஊரே இல்லியா இதுல?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். "அடப் பாவமே" என்றாள், செட்டைப் பார்த்துத்தான்.

ஆனால் திரையின் ஓரத்தில் வீட்டுப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் பாதை கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து போகும். அதன்பிறகு ஒரு தெரு விரியும். குவைத்தில் முதலாளியின் வீடு இருக்கும் தெரு அது. அந்த வீட்டின் பின்கட்டில்தான் அண்ணனுக்கு ஓர் அறை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அம்மா அந்த வண்டியை விடவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் வேப்பமர நிழலில் நிற்கும் வண்டியின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் வீட்டில் இருந்தால் சாவியைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் கோடு கோடாகத் தெரிந்த ரோடுகள் புரிந்தன. போனில் அண்ணனைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். "காலைல இப்டி வந்து, இந்த மூலைல திரும்பி, பசங்கள இங்க உட்டுட்டு, இந்த வழியா ஊட்டுக்கு வந்துடுவான். வெயில்ல எங்கியும் நிக்கறது இல்ல" என்பாள். நான் இந்திய மேப் கார்டு வாங்கிப் போடுகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

"நம்ம ஊருக்கு வழி எனக்குத் தெரியும்டா. இவன் ஊருக்குத்தான் தெரியாது."

பழைய திரை. விரல் பட்டால் போதாது, நகத்தால் அழுத்த வேண்டும். அழுத்தும் இடத்துக்கும் அது எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம் வேறு. சரிசெய்வது பத்து நிமிஷ வேலை. ஊரார் வண்டிகளுக்கெல்லாம் செய்தேன், என் வண்டிக்கு நாளை நாளை என்றே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். போன் வந்தால் மூன்று வினாடியில் செட்டு தானாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஆட்டோ ஆன்சர். பேசுகிறவர் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வரும். வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகும் நாட்களில், வருகிறவர்களை அதில் உட்காரவைத்து, வெளியே நின்று கடைப் போனிலிருந்து என் போனுக்கு அடித்துக் காட்டுவேன். "கை வைக்கவே வேணாம் சார், அதுவே எடுத்துக்கும்." முகத்தில் ஓர் ஆச்சரியம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதில் எனக்கு அத்தனை கர்வம்.

அந்தக் கோடையில் அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். மாங்காய்த் தோப்பில் கூலி வேலைக்குப் போய் எங்களை வளர்த்தவள், இரண்டு ஆள் வேலை செய்கிற உடம்பு. அது கண்ணுக்கு முன்னால் வற்றியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். திருப்பதியில் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. அப்புறம் வேலூருக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி நோயை நோயாளியிடம் சொல்வதில்லை. வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். நோய் வந்தவருக்கு மட்டும் அது அல்சர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை, தானாக அப்படி ஆகிவிடும். நானும் வேலூரில் டாக்டர் அறைக்குத் தனியாகப் போய், அம்மாவுக்கு முன்னால் எதுவும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாரோ அவர், நிமிராமலே தலையாட்டினார். இரண்டாவது தரம் போனபோது ஸ்கேனை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்றார்.

ஆனி மாசம் அது. வராந்தாவில் நின்றபடியே அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். இங்கிலீஷ் எழுத்தில், இரண்டே வரி. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்றாள். புண் கொஞ்சம் பெரிசாக இருக்கிறதாம், காரம் ஆகாதாம் என்றேன். "அவ்ளோதான?" என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், சித்தூர் தாண்டி, மாம்பழச் சாறு பிழியும் தொழிற்சாலை ஒன்றின் அருகே வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. தோத்தாபுரி சீசன். மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசைகட்டி நின்றன. வெயில். கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டிருந்தேன். அம்மா பின்சீட்டில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முன்னால் இருந்த டிராக்டர் ஓரடி நகர்ந்தது. நான் கியரைப் போட்டேன். அப்போது போன் அடித்தது. திரையில் என்னவோ நீளமான நம்பர். யார் என்று யோசிப்பதற்குள் மூன்று வினாடி ஆகிவிட்டது.

"டேய், அம்மா பக்கத்துல இல்லியே?"

அண்ணன் குரல். நெட் போனில் பேசுகிறான், அதனால்தான் அந்த நம்பர். நான்கு ஸ்பீக்கரிலும் கணீரென்று வந்தது. "அண்ணா, அப்பறம் பேசறேன்" என்று கத்திக்கொண்டே சிவப்புப் பொத்தானை நகத்தால் அழுத்தினேன். அது பக்கத்துப் பொத்தானை எடுத்துக்கொண்டது. போன் அணையவில்லை. என் மைக் மட்டும் அணைந்தது. நான் பேசியது அவனுக்குப் போகவில்லை.

அந்த நெட் போனில் இது வழக்கம். ஒரு பக்கம் கேட்கும், ஒரு பக்கம் கேட்காது. அவனும் பழகியிருந்தான்.

"நீ பேசறது கேக்கல. நான் பேசறது கேக்குதில்ல, நான் சொல்லிட்றேன். மெசேஜ் பாத்தேன். ஆறு மாசந்தான்னு டாக்டரே சொன்னாரா? இன்னாடா இது, நல்லா இருந்திச்சேடா அம்மா." அழுதான். அண்ணன் அழுது நான் கேட்டதில்லை. நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி. திரை என் பேச்சைக் கேட்கவில்லை. "தோ பாரு, நான் கேட்டா முதலாளி நாளிக்கே லீவ் குடுத்துடுவான். ஆனா திடுதிப்புன்னு நான் வந்து நின்னா அம்மா கண்டுபுடிச்சுடும். பயத்துலயே போய்டும். அதனால நான் வழக்கம்போல தையிலதான் வருவேன். பொண்ணு பாக்க வர்ற மாதிரியே வரேன். அதுக்குத் தெரியவே கூடாது. உன் வாய்லேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, சத்தியமா சொல்றேன், உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சாவியைத் திருப்பியிருந்தால் போதும். எத்தனை ஆயிரம் வண்டிகளில் சாவியைத் திருப்பி செட்டை அணைத்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. கடைசியில் தோன்றியபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தான். திருப்பினேன். எஞ்சின் நின்றது, ஏசி நின்றது. சட்டைப்பையிலிருந்த போன் மட்டும் சின்னக் குரலில் ஹலோ ஹலோ என்றது. அதை எடுத்து அணைத்தேன்.

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள். பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியைக் கிளப்பினேன்.

பாகாலா தாண்டியதும் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்லா தூங்கிட்டேன்டா. எந்த ஊரு இது?" என்றாள். சொன்னேன். "பொட்டில பாட்டு வராதா? எதுனா போடேன்" என்றாள். போட்டேன். எந்தப் பாட்டு என்று நினைவில்லை.

தூங்கிவிட்டாள் என்று நம்புவதற்கு நான் என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். கண் திறந்திருந்தது கண்ணாடியின் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். வெயில் பட்டதால் திறந்தாள் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது, அடுப்பங்கரையில் இருந்தபடியே அம்மா கேட்டாள்.

"தைக்கு இன்னும் எத்தன மாசம் கீதுடா?"

விரல்விட்டு எண்ணினேன். "ஏழு, ம்மா."

"ஏழா?" என்றாள். டிபன் பாக்ஸை மூடி என் கையில் கொடுத்தாள். அந்த ஆறு மாசத்தோடு ஒத்துப் பார்க்கத்தான் கேட்டாள் என்று பஸ் ஏறியபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஒரு வண்டிக்கு ஒயரை மாற்றிக் கொடுத்து கடை முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அன்று கடைக்குப் பின்னால் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன், சொல்லிவிடுவது என்றுதான். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, நீ கிளம்பி வா. அவ்வளவுதான் வாக்கியம். அவன் எடுத்ததும், "நல்லவேளை நீ பக்கத்துல இருக்கடா. வாயத் தொறக்காம நீ கட்டிக் காக்குறதுதான் எனக்குத் தெம்பு" என்றான். நான் மாத்திரை பெயர்களைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்னைக் கோழை என்று நானே பலமுறை திட்டிக்கொண்டிருக்கிறேன், வேறு யாரும் திட்டத் தேவையில்லை.

ஆவணியில் ஒருநாள், காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி அம்மா கேட்டாள்.

"அவன ஒரு தபா சும்மா வந்துட்டுப் போச் சொல்லேன். பாக்கணும் போல கீது."

அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். "ஏன் கேக்குது? எப்பவும் அப்டிக் கேக்காதே அது. சந்தேகம் வந்துடுச்சா?" என்றான்.

"இல்லண்ணா, சும்மாதான்."

"அப்போ கண்டிப்பா நான் இப்ப வரவே கூடாது. வந்தேன்னா ஊர்ஜிதம் ஆய்டும்."

அம்மா கேட்டதனாலேயே அவன் வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கை நின்றுவிடுகிறது. அவனுக்கு லீவ் கிடைக்காமலில்லை, மனசு இல்லாமலில்லை. அவன் அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுவான் என்று கூட இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அம்மா பயந்துவிடக்கூடாது என்று அவன் வரவில்லை. மகன் உடைந்துவிடக்கூடாது என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருவன், இரண்டு பக்கமும் தெரிந்தவன், ஒரு வாக்கியம் சொல்ல முடியாதவன்.

புரட்டாசியில் அம்மாவால் கடைத்தெரு வரைகூட நடக்க முடியவில்லை. ஆனால் வண்டிவரை நடப்பாள். வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு வேலை குறைவு, மத்தியானம் போன் செய்வான். அதை வண்டியில் உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்பாள். நான் பொத்தானை அழுத்தி எடுத்துக் கொடுப்பேன். ஆட்டோ ஆன்சரை அன்றைக்கே அணைத்துவிட்டிருந்தேன். திரையில் அவன் தெரு விரிந்திருக்க, ஸ்பீக்கரில் அவன் குரல் வர, அம்மா அவன் வீடு தெரியும் கட்டத்தைப் பார்த்துப் பேசுவாள், எதிரில் ஆள் இருப்பதைப்போல.

"எனக்கின்னாடா, வவுத்துல புண்ணு. தயிர்ச் சோறு துன்னுகினு ராணி மாதிரி கீறேன். நீ தைக்கே வா. அவசரப்பட்டு வேலைய உட்டுட்டு வராத. பொண்ணு ஊட்டுக்காரங்க கைல சொல்லி வச்சிட்டேன்."

அவனும் சிரித்துக்கொண்டு பேசுவான். பேசி முடித்ததும் அம்மா சீட்டைச் சாய்க்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். அப்போது வலி அதிகம். பேசும்போது அடக்கி வைத்தது சேர்ந்து வரும். நான் அவள் காலைப் பிடித்துவிடுவேன்.

கார்த்திகை பிறந்து நாலு நாள். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். வண்டிக்குத் தூக்கிக்கொண்டுதான் போனேன், அவ்வளவுதான் எடை இருந்தாள். நகத்தால் வீட்டுப் படத்தை அமுக்கினாள். தெரு விரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நீ இன்னாடா பண்ணுவ. பொட்டி தானா பேசிச்சு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஐந்து மாசம் அவள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் குற்றமாகிவிடக்கூடாது என்றும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் முதுகைத் தடவினாள். "உள்ள கூட்டிக்கினு போ, குளிருது" என்றாள். புலிக் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது அம்மாவே விடுவித்துவிட்டாள், சொல்லிவிடலாம் என்றுதான் செய்தேன்.

"அண்ணா, கொஞ்சம் முன்னாடியே வாயேன்."

"ஏன்டா, அம்மாக்கு எதுனா தெரிஞ்சிடுச்சா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அம்மா கேட்டது அவன் குரலில், அவன் சொன்ன ஆறு மாசத்தை, அவன் அழுததை. எப்படித் தெரிந்தது என்று கேட்பான். உன் வாயிலிருந்துதான், நான் மாட்டிய ஸ்பீக்கரில், என்று சொல்ல வேண்டும். பாலைவனத்தில் தனியாக ஓர் அறையில் இருக்கிறவனுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று நினைத்தேன். அவனுக்காக நினைத்தேனா, எனக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றேன்.

"அப்போ தைக்கே வரேன். டிக்கெட்டும் போட்டுட்டேன்."

அதற்குப் பதினோராம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்து எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை.

டிக்கெட் கிடைத்து அண்ணன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தோம், அதற்குமேல் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கொள்ளி நான்தான் வைத்தேன். மறுநாள் மொட்டைத் தலையோடு சென்னை விமான நிலையத்துக்குப் போனேன். அண்ணன் ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தான். என் தலையைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எழுப்பி வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்தேன். நகரி தாண்டும்போது செட்டைப் பார்த்தான்.

"நல்லா வேல செய்யுதா?"

"செய்யுதுண்ணா."

குனிந்து பார்த்தான். திரையில் ஓர் இடம் மட்டும் வெளுத்து, நகக் கீறலாக இருந்தது.

"இன்னா இது, இங்க மட்டும் தேஞ்சு போயிருக்குது?"

"அம்மா அமுக்கினது. உன் ஊட்டப் பாக்க."

அந்த இடத்தில் அவன் நகத்தை வைத்து அழுத்தினான். தெரு விரிந்தது. அவன் காலையில் விட்டுவந்த தெரு. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் அழுதான். புத்தூர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா எனக்கு ஆறுதல். கடைசி வரைக்கும் அதுக்கு எதுவும் தெரியாம போச்சு. அந்த பயம் இல்லாம போச்சு. நாம அதயாவது செஞ்சோம்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டில் அம்பு சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஆமாண்ணா" என்றேன்.

அண்ணன் இன்னமும் குவைத்தில்தான் இருக்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிறந்து, அவளுக்கு அம்மாவின் சாயல் என்று போட்டோ அனுப்புகிறான். வெள்ளிக்கிழமை பேசும்போதெல்லாம் அந்த ஆறுதலை ஒரு தரமாவது சொல்லாமல் வைப்பதில்லை. நானும் ஒவ்வொரு தரமும் ஆமாம் என்கிறேன். தெலுங்கில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவான். தமிழ் அவனுக்குப் பேச மட்டும்தான் வரும், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.